சைபைக்கு ஒரு தனிக்குடித்தனம்

மென்பொருளை நிறுவுவது என்றால் பலருக்கும் தெரிந்தது ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்’ தான். அறிவியல் மென்பொருட்களிடம் அந்தப் பருப்பு வேகாது :-)

உதாரணத்துக்கு, பைத்தானுக்கான சைபை. 2001ல் தொடங்கிய இந்தத் தொகுப்பு பைத்தானோடு சி, சி++, ஃபோர்ட்ரான் நிரல்களையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. அணிக் கணக்குகளுக்கு பிளாஸ், லாபேக் என்ற பழைய நூலகங்களும் வேண்டும். விண்டோஸில் இதையெல்லாம் மூலநிரலில் இருந்து கம்பைல் செய்வதற்குள் விடிந்துவிடும். 2017 அக்டோபரில் சைபை 1.0 வந்தபோதுதான், முன்பே கம்பைல் செய்த ‘வீல்’ கோப்புகள் விண்டோஸுக்கும் கிடைத்தன. இப்போது ‘பிப் இன்ஸ்டால் சைபை’ என்று ஒரு வரி அடித்தால் போதும்.

அப்புறம் என்ன பிரச்சனை? அடுத்த ப்ராஜெக்ட்தான். சைபைக்கு அடித்தளமான நம்பையின் 2.0 பதிப்பு 2024 ஜூனில் வந்தது. பழைய நம்பையோடு கம்பைல் செய்யப்பட்ட தொகுப்புகள் அதோடு ஒத்துப்போகவில்லை. மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. ஒரு ப்ராஜெக்டுக்குப் பழையது வேண்டும், இன்னொன்றுக்குப் புதியது வேண்டும் என்றால்? ஒரே அடுப்பில் இரண்டு சமையல் நடக்காது.

அதற்குத்தான் தனிக்குடித்தனம். ப்ராஜெக்டுக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் ‘வென்வ்’ மூலம் ஒரு தனிச்சூழல். அதை ஆக்டிவேட் செய்தபிறகே எதையும் நிறுவ வேண்டும். கடைசியில் ‘பிப் ஃப்ரீஸ்’ கொடுத்து, பதிப்பு எண்களை ஒரு கோப்பில் சேமிக்க வேண்டும். அவ்வளவுதான்.

நிறுவும்போது வருகிற பிழைச்செய்தியாவது நல்லது. கண்ணுக்குத் தெரிகிறது. சத்தமே போடாமல் வரும் பிழைதான் ஆபத்து. 2014ல் ‘நேச்சர் புரோட்டகால்ஸ்’ இதழில் வந்த ஒரு கட்டுரையோடு, வேதியியல் என்எம்ஆர் கணக்குகளுக்கான பைத்தான் நிரல்களும் வெளியாயின. 2019ல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றை ஒரே தரவோடு வெவ்வேறு கணினிகளில் ஓட்டினார்கள். விண்டோஸ் 10ல் விடை 173.2. உபுண்டு 16ல் வேறு விடை. மேக் மொஹாவேயில் இன்னொன்று! காரணம் ரொம்பச் சின்னது. கோப்புகளைப் பட்டியலிடும் ‘குளோப்’ அவற்றை எந்த வரிசையில் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அது இயங்குதளத்தைப் பொறுத்தது. நிரலோ வரிசை மாறாது என்று நம்பியிருந்தது. கோப்புகளை வரிசைப்படுத்தியதும் சிக்கல் தீர்ந்தது.

தனிச்சூழல் மட்டும் இருந்திருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது என்று சொல்ல முடியாது. வென்வ் இயங்குதளத்தை மாற்றுவதில்லை. ஆனால் எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு என்று எழுதி வைத்திருந்தால்தான், இரண்டு பேருக்கு இரண்டு விடை வரும்போது எங்கே தேடுவது என்று தெரியும்.

எந்த கெமிக்கல், எவ்வளவு என்று எழுதாமல் ரிசல்ட் மட்டும் எழுதிய ரெக்கார்ட் நோட்டுக்கு லேபில் கையெழுத்து கிடைக்குமா? கணினிக்கும் அதே ரூல்தான்.