நிலாவின் கல் கிடக்கும் சித்தம்பூண்டி

பரமத்தி வேலூர் பக்கம் காவிரிக் கரையில் வாழையும் வெற்றிலையும் தழைத்து நிற்கும். ஆற்றை விட்டு வடக்கே ஏற ஏற மானாவாரிக் காடுகள். நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்கள் இங்கேதான் இருக்கின்றன. ஏர் ஓட்டினால் கொழுவில் வெள்ளைக் கற்கள் தட்டுப்படும். பொறுக்கி வரப்போரம் போடுவார்கள். வெள்ளையில் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் ஓடும். சிலவற்றில் சிவப்பு மணிகள் பதிந்திருக்கும்.

இந்தக் கல்லின் பெயர் அனார்த்தசைட். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் உருகிய குழம்பு ஆறி இறுகியபோது உருவானது. பௌர்ணமி நிலாவில் வெளுப்பாகத் தெரியும் மேட்டுப் பகுதிகளும் பெரும்பாலும் இதே வகைப் பாறைதான். 1971-ல் அப்பல்லோ 15 வீரர்கள் நிலவிலிருந்து எடுத்து வந்த புகழ்பெற்ற கல்லும் அனார்த்தசைட்டே.

நிலவில் இறங்கும் கலத்தையும் அங்கே ஓடும் வண்டியையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையை உடைத்து, பொடியாக்கி, பெங்களூரில் நிலவுத் தரை போலவே பரப்பினார்கள். இந்த மண் தயாரிக்கும் முறைக்கு 2020-ல் காப்புரிமையும் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 பத்திரமாகத் தரையிறங்கியது.

எப்படி அடையாளம் காண்பது?

கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் அது சுக்கான்கல். வெங்கச்சாங்கல் உடைந்தால் கண்ணாடிச் சில்லு போல வளைந்து உடையும். அனார்த்தசைட் நுரைக்காது, உடைத்த இடத்தில் சிறு சிறு தட்டையான முகங்கள் வெயிலில் மினுங்கும்.

சிவப்பு மணி வெங்கச்சாங்கல்லில் ஆழமாகக் கீறல் போட்டால் அது பெரும்பாலும் குருந்தம். ஆங்கிலத்தில் இதைக் 'கொரண்டம்' என்பதும் நம் சொல்லிலிருந்து போனதுதான். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த நிலையில் வரும் கனிமம் இது. மாணிக்கமும் குருந்த வகையே. ஆனால் இங்கே கிடைப்பதில் பெரும்பாலானவை ஒளி ஊடுருவாதவை, விரிசல் விட்டவை; சாணை பிடிக்கத்தான் உதவும், நகைக்கு ஆகாது. எனவே 'மாணிக்கம் இருக்கிறது' என்று யாராவது முன்பணம் கேட்டாலோ, காட்டைக் குறைந்த விலைக்கு எழுதிக் கேட்டாலோ ஏமாற வேண்டாம்.

சந்தேகக் கல் கிடைத்தால், எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்திலோ, சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையிலோ காட்டலாம். அனுமதி இல்லாமல் கனிமம் தோண்டுவது குற்றம். உழும்போது கிடைத்த ஒரு கல்லைப் பேரப்பிள்ளைகள் கையில் கொடுத்து, இரவில் நிலாவைக் காட்டிக் கதை சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை.