கரணை பிடிக்கும் கைகள்



ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தபின், பெற்றோர் பலர் மதரஸாவிற்கு வந்து நம்மிடம் ஆலோசனை கேட்பதுண்டு. எந்தக் கல்லூரி நல்லது, எந்தப் பாடம் எடுத்தால் வெளிநாட்டில் வேலை கிடைக்கும் என்பவையே அவர்களின் கேள்விகள். மகனைக் கொத்தனார் ஒருவரிடம் தொழில் பழக அனுப்பலாமா என்று கேட்டு வந்தவர், நமது இருபதாண்டு ஆசிரியப் பணியில் ஒருவரும் இல்லை. அவ்வாறு போக நினைத்த மகனைத் தடுத்து நிறுத்தும்படி கேட்டு வந்த தாய் ஒருவர் உண்டு.

அந்த மாணவர் நம்மிடம் குர்ஆன் ஓதி முடித்தவர். பதினெட்டு வயது நிறைந்தவர். கல்லூரியில் சேர்ந்து ஆறு மாதத்தில் விலகிவிட்டார். கட்டு வேலை கற்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் அழுகை தொடங்கியது. "ஹஜ்ரத், இவன் அத்தா பதினாறு வருஷம் சவூதியில வெயில்ல நின்னதே, இவன் வெயில்ல நிக்கக் கூடாதுன்னுதான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பான்" என்றார் அந்தத் தாய்.

மாணவரை அழைத்துக் கேட்டோம். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "பதினாறு வருஷமும் அத்தா கையாளாத்தான் இருந்தாங்க ஹஜ்ரத். கையில ஒரு தொழில் இருந்திருந்தா பாதி வருஷத்திலேயே ஊர் திரும்பியிருப்பாங்க."

தாயின் சொல்லில் அன்பு இருந்தது; மகனின் சொல்லில் கணக்கு இருந்தது. இரண்டையும் எடைபோட நமக்குச் சில நாட்கள் தேவைப்பட்டன. அதற்கிடையில் அந்த மேஸ்திரியை நேரில் சென்று பார்த்தோம். அவர் மாற்று மதத்தைச் சேர்ந்தவர். முப்பதாண்டு அனுபவம் உள்ளவர். "முதல் ஆறு மாசம் கரணையைத் தொட விடமாட்டேன். கலவை போடணும், செங்கலை நனைக்கணும், சாரம் கட்டக் கூட நிக்கணும். அதுக்கப்புறம்தான் நூல், தூக்குக்குண்டு, ரசமட்டம். பூச்சு வேலை கடைசி" என்றார் அவர். கேட்டபோது நமக்கு மதரஸாவின் பாடமுறை நினைவுக்கு வந்தது. அலிஃப், பே அறியாதவருக்குத் தஜ்வீத் சட்டம் விளங்குவதில்லை அல்லவா?

கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணும் மனம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மார்க்கத்திலிருந்து வரவில்லை என்பது மட்டும் உறுதி. ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ள செய்தி. தாவூத் (அலை) அவர்கள் இரும்பைக் கொண்டு கவசம் செய்ததைக் குர்ஆனே கூறுகிறது. கஅபாவின் அடித்தளத்தை உயர்த்தியவர்கள் இப்ராஹீம் (அலை) அவர்களும் இஸ்மாயீல் (அலை) அவர்களும். தந்தையும் மகனும் சேர்ந்து செய்த கட்டுமானப் பணி அது. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவீ கட்டப்பட்டபோது, யமாமாவிலிருந்து வந்திருந்த தல்க் பின் அலீ (ரலி) அவர்கள் மண் குழைப்பதில் திறமை உடையவர் என்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்த வேலையை அவரிடமே விடும்படி கூறினார்கள். திறமையை இனங்கண்டு அதற்குரிய இடத்தைக் கொடுத்த நபிவழி இது.

உஸ்மானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக விளங்கிய மிஃமார் சினானும் இளமையில் தச்சு வேலை பழகியவரே. இஸ்தான்புல்லில் 1548இல் முடிந்த ஷெஹ்ஸாதே பள்ளிவாசலைத் தமது பயிற்சிக் காலத்து வேலை என்றும், 1557இல் முடிந்த சுலைமானிய்யாவைத் தேர்ந்த தொழிலாளியின் வேலை என்றும், எதிர்னேயில் எழுப்பிய ஸலீமிய்யாவையே ஆசானின் வேலை என்றும் அவர் கருதியதாகச் சொல்வர். ஐம்பது வயதைக் கடந்து கட்டிய பெரும் பள்ளிவாசலைக்கூட மாணவனின் வேலையாக எண்ணியவர் அவர்!

இனி நடைமுறைக்கு வருவோம். தொழில் பழகுவதும் ஓர் ஒப்பந்தமே. பிள்ளையை ஓர் ஆசானிடம் தொழில் கற்க ஒப்படைப்பது பற்றி ஃபிக்ஹு நூல்கள் இஜாரா பாடத்திலேயே பேசுகின்றன. காலம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்பது தெளிவாக இருக்க வேண்டும். மூஸா (அலை) அவர்கள் மத்யனில் பணிக்கு அமர்ந்தபோது எட்டு ஆண்டுகள் கடமை, பத்தாக நிறைவு செய்வது விருப்பம் என்று முன்கூட்டியே பேசப்பட்டதை சூரத்துல் கஸஸில் காண்கிறோம். நாமும் மேஸ்திரியிடம் மூன்று விஷயங்களைப் பேசி முடித்தோம். முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 400 ரூபாய், கரணை பிடித்தபின் 600. கூலி வாராவாரம் சனிக்கிழமை. லுஹருக்கும் அஸருக்கும் நேரம், வெள்ளியன்று ஜும்ஆவிற்கு விடுப்பு. மூன்றையும் அவர் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். ரமளான் வந்தபோது, அவராகவே அந்த மாணவரைச் சாரத்திலிருந்து இறக்கி, அதிகாலையில் தொடங்கி நண்பகலில் முடியும் வேலைகளைக் கொடுத்தார்.

மேஸ்திரியிடம் கற்பதோடு அரசுச் சான்றும் இருப்பது நல்லது. தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீஷியன் பயிற்சி இரண்டு ஆண்டுகள். கொத்தனார் பயிற்சி ஓராண்டு. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் நிறுவனங்களில் உதவித்தொகையுடன் பயிற்சி பெறவும் வழி உண்டு. பதினெட்டு வயது நிறைந்து, முந்தைய ஓராண்டில் 90 நாட்களாவது கட்டுமான வேலை செய்தவர் நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். நம்மவர் பலர் வெளியூரில் உழைத்தும் இந்தப் பதிவைச் செய்வதில்லை. விபத்து நேர்ந்த பிறகு அலைவதைவிட முன்னரே பதிந்து வைப்பது மேல்.

இந்தத் தொழிலில் ஓர் அமானிதமும் உண்டு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல் என்பது வழக்கமான கலவை. அதில் ஒன்றைக் குறைத்துவிட்டுப் பூசி மறைத்தால் வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஏழு நாளாவது சுவருக்குத் தண்ணீர் விடாமல் காயவிட்டாலும் உடனே தெரியாது. பல ஆண்டுகள் கழித்துச் சுவர் சொல்லும். அளவில் குறைப்போரைக் கண்டித்து ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. அது தராசுக்கடைக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடக் கூடாது. கலவை போடும் பாண்டிற்கும் உரியதே. இதை அந்த மாணவரிடம் சொன்னபோது, "மேஸ்திரியும் இதைத்தான் வேற மாதிரி சொல்வாரு ஹஜ்ரத்" என்றார்.

அவர் சேர்ந்து இப்போது இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நூல் பிடித்து மூலை எடுத்துத் தனியாகச் சுவர் கட்டுகிறார். எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத நமக்கும் ஆசைதான். ஆயினும் அவருடைய தங்கைக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்று, அண்ணன் கொத்தனார் என்று தெரிந்ததும் நின்றுபோனது. பெண் பார்க்க வந்தவர்கள் தொழுகையாளிகள், நல்ல குடும்பத்தினர். அந்தத் தாய் மீண்டும் நம்மிடம் வந்து அழவில்லை. அமைதியாக, "இதுக்கும் ஒரு பயான் செய்யுங்க ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பயானைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம். தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவு இல்லை என்ற நபிமொழியை மேடையில் கேட்டு "சுப்ஹானல்லாஹ்" என்கிறோம். வீடு கட்டும்போது நல்ல கொத்தனாரை ஊர் ஊராகத் தேடுகிறோம். அவர் வரும்வரை காத்திருக்கவும் செய்கிறோம். அதே கொத்தனார் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் மட்டும் தொழிலைச் சொல்லக் கூசுகிறோம். சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையின், மைத்துனரின் வருமானம் ஹலாலா என்று கேளுங்கள். தொழுகிறாரா என்று கேளுங்கள். வேலையில் நேர்மையானவரா என்று உடன் வேலை செய்பவர்களிடம் விசாரியுங்கள். கையில் சிமெண்ட் ஒட்டியிருப்பது குறையல்ல. ஒளூச் செய்தால் போய்விடும்.

அந்தத் தங்கைக்கு நல்ல வரன் அமைய துஆச் செய்யுங்கள். உழைத்து உண்ணும் கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் பயனுள்ள தொழிலையும் தந்தருள்வானாக! ஆமீன்.