ஒரு சாண் விமானம்

எங்கள் வீட்டில் வெள்ளை உடுப்பு முற்றத்துக் கொடியில் காய்வதில்லை. எத்தனை வெயில் எறித்தாலும் விறாந்தைக்குள் கட்டிய கயிற்றில்தான் அம்மா போடுவார். காகம் எச்சமிடும், றோட்டுப் புழுதி படியும் என்று காரணம் சொல்லுவார். சின்ன வயதிலிருந்தே பார்த்து வந்ததால் எனக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பழக்கம் இருக்கிறதுதானே.

அக்கா இங்கிலாந்தில் இருக்கிறார். அவருடைய மகனுக்கு விமானம் என்றால் உயிர். உண்மையான விமானம் அல்ல, பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்ரிக் விமானம். உங்களில் பலர் கண்டிருக்க மாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் தட்டையான சட்டங்கள் இருக்கும். மீன் முள்ளில் சதை ஒட்டியிருப்பதுபோல அந்தச் சட்டங்களில் செட்டை, வால், சில்லு, விமானியின் இருக்கை எல்லாம் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, அரத்தால் தேய்த்து, பசை போட்டுப் பொருத்தி, பிறகு பூச்சுப் பூச வேண்டும். இங்கிலாந்தில் எயார்பிக்ஸ் நிறுவனம் 1950களில் ஸ்பிற்பயர் விமானத்தை இப்படி விற்கத் தொடங்கிய பிறகு அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இதைச் செய்து வருகிறார்கள்.

அவனுக்கு ஜெற் விமானங்களில் விருப்பமில்லை. காற்றாடி சுற்றிப் பறக்கும் யுத்த விமானங்கள்தான் வேண்டும். ஸ்பிற்பயர், ஹரிக்கேன், லங்காஸ்ரர் என்று யன்னலோரத்தில் ஒரு தட்டு நிறைய வைத்திருக்கிறான். அந்த நாட்டவர்களுக்கு ஸ்பிற்பயர் தங்களைக் காத்த விமானம். 1940இல் குண்டு போட வந்தவர்களைத் திருப்பித் துரத்திய விமானம். விழாக்களில் அது பறக்கும்போது வயோதிப மாதர் அண்ணாந்து பார்த்துக் கண்கலங்குவார்களாம். அதே விழா விமானம் தன் வீட்டுக்கு மேலால் போனபோது, பின்வளவில் நின்ற அக்கா பூச்சாடிக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். மகன் பார்த்துச் சிரித்தானாம். அக்காவும் சிரித்துச் சமாளித்தாராம். நான் அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

2021இல் கொரோனா முடக்கத்தில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்த நேரம். ஒருநாள் தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தபோது அவன் அம்மாவிடம் கேட்டான்.

"அம்மம்மா, உங்கட வீட்டுக்கு மேல வந்தது என்ன பிளேன்?"

அக்கா அவனை அதட்டினார். ஆனால் அம்மா கோபப்படவில்லை. சந்தையில் மரக்கறி விலை சொல்லுவதுபோலச் சொன்னார்.

"எல்லாம் வந்ததுதான் ராசா. முதல் சியாமாசெட்டி வந்தது. பிறகு சகடை. பிறகு புக்காரா. வன்னிக்குப் போனாப் பிறகு கிபிர்."

அவனுக்கு ஒரு பெயரும் விளங்கவில்லை. "சித்தி, எனக்கு எழுதி அனுப்புங்கோ, நான் தேடிப் பாக்கிறன்" என்றான். அப்படித்தான் இந்தத் தேடல் என் தலையில் வந்து விழுந்தது.

சியாமாசெட்டி என்பது நாங்கள் வைத்த பெயர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஏதோ ஒரு செட்டியாரின் பெயர்போல இருக்கிறதல்லவா? தேடிப் பார்த்தால் அது இத்தாலி நாட்டின் சியாய் மார்க்கெற்றி. விமானிகளுக்குப் பறக்கப் பழக்குவதற்கென்று செய்த சிறிய விமானம். எங்கள் அம்மாக்கள் அதை வாயில் போட்டு மென்று சியாமாசெட்டி ஆக்கிவிட்டார்கள்.

சகடைதான் பெரும் பிரச்சினை. நான் வேலை செய்யும் கிராமம் ஒன்றில், பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது சும்மா கேட்டு வைத்தேன். ஒருவர் அது அவ்ரோ என்றார். இன்னொருவர் இல்லை, சீனாவின் வை பன்னிரண்டு என்றார். மூன்றாவது அம்மா, அவை இரண்டுமல்ல, அதைவிடப் பெரிது, நான்கு இயந்திரம் பூட்டிய வை எட்டு என்று அடித்துச் சொன்னார். எல்லாமே ஆளும் சாமானும் ஏற்றும் விமானங்கள். அவற்றிலிருந்து பீப்பாய்களில் வெடிமருந்தை அடைத்து உருட்டிவிட்டதை அவர்கள் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். ஒருவர் வாயால் அந்தச் சத்தத்தைச் செய்தும் காட்டினார். அரை மணித்தியாலமாகச் சண்டை. கடைசிவரை முடிவில்லை. சமூகவியல் படித்தபோது வாய்மொழி வரலாறு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்தவள் நான். இந்தச் சகடைச் சண்டைபோல ஒன்றை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

புக்காராவில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆர்ஜென்ரீனாவில் செய்யப்பட்டது. அந்த நாட்டுப் பழங்குடி மக்களின் கெச்சுவா மொழியில் புக்காரா என்றால் கோட்டை என்று பொருள். இரண்டு இயந்திரம், ஒவ்வொன்றிலும் மூன்று இதழ்க் காற்றாடி. 1993இல் நான்கு புக்காராக்கள் இலங்கைக்கு வந்தன. 1999இல் சேவையிலிருந்து நீக்கப்பட்டன. இடையில் இருந்த அந்த ஆறு வருடத்துக்குள்தான் என் சிறுபராயம் முழுவதும் இருந்தது.

2022இல் பயிற்சி ஒன்றுக்காகக் கொழும்புக்குப் போனபோது இரண்டு விளையாட்டுச் சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். ஸ்பிற்பயர் இருந்தது. விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தட்டில் வைத்தேன். நாடு பாணுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம் அது, நினைவிருக்கும். புக்காரா என்று கேட்டதற்கு, "அது என்ன நாட்டுச் சாமான் மிஸ்?" என்றான் கடைப் பெடியன்.

அங்கே இங்கிலாந்தில் மருமகனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. 1982இல் போக்லண்ட் தீவுகளுக்காக ஆர்ஜென்ரீனாவும் பிரித்தானியாவும் யுத்தம் செய்தபோது புக்காராவும் பறந்தது. அதனால் அங்குள்ளவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். கைப்பற்றிக் கொண்டுபோன ஒன்று டக்ஸ்பேர்ட் என்ற இடத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது என்று அறிந்து, தகப்பனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அக்காவும் கூடப் போனார். ஆனால் உள்ளே போகாமல் சிற்றுண்டிச்சாலையிலேயே இருந்துவிட்டாராம். பிறகு, பழைய மாதிரி விமானங்கள் விற்கும் ஒருநாள் சந்தையில், மூலை கிழிந்த ஒரு பெட்டி அவன் கையில் அகப்பட்டது. மூடியில் புக்காரா. இரவு பதினொன்றரைக்கு எனக்குப் படம் அனுப்பினான். "சித்தி, கண்டுபிடிச்சிட்டன்!"

2023 ஓகஸ்டில் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்தபோது அந்தப் பெட்டியையும் கொண்டுவந்தான். எனக்கு உள்ளுக்குள் பயம். அம்மாவின் முன்னால் இதைச் செய்யவிடலாமா? உளச்சமூகப் பணியில் எத்தனையோ பயிற்சிகள் எடுத்திருக்கிறேன். சொந்த வீட்டு விறாந்தையில் ஒன்றும் உதவவில்லை. அம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனுக்கு அருகில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

மூன்று நாள் வேலை. அவன் துண்டுகளை ஒட்டிக்கொண்டே விளக்கம் சொன்னான். இது எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஆறடி மனிதன் ஓர் அங்குலமாக வருவான். உண்மையான புக்காராவின் செட்டை நுனியிலிருந்து நுனிக்குப் பதினான்கரை மீற்றர். மேசையில் இருபது சென்ரிமீற்றர், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. அம்மா கையை விரித்து அளந்து பார்த்தார். எத்தனை தரம் பங்கருக்குள் முகங்குப்புறக் கிடந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார். அதன் வடிவத்தை அன்றுதான் ஆறுதலாகப் பார்த்தார்.

விமானியின் அறையை ஒட்டும்போது அவன் சொன்னான்: "இஞ்ச பாருங்கோ அம்மம்மா, இதின்ர மூக்கு கீழ சரிஞ்சு கிடக்குது. பைலற்றுக்கு நிலம் நல்லாத் தெரியவேணும் எண்டுதான் இப்பிடிச் செய்தது."

அம்மா கொஞ்ச நேரம் அந்தச் சின்ன இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப அவனுக்குக் கொடியில கிடக்கிற வெள்ளைச் சட்டை தெரிஞ்சிருக்குமோ?"

இங்கே நான் அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1995இல் அண்ணாவுக்குப் பதினான்கு வயது. எனக்கு ஏழு. அந்த வருடம் ஏப்ரலில் பேச்சுவார்த்தை முறிந்து திரும்பவும் யுத்தம் தொடங்கியது. ஜூலை 9ஆம் திகதி நவாலி தேவாலயத்தில் தஞ்சமிருந்த மக்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் குண்டுவீச்சில் இறந்தார்கள். ஒக்ரோபர் முடிவில் நாங்கள் எல்லோரும் வலிகாமத்தைவிட்டு வெளியேறினோம். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு காலைப் பொழுதில், எங்கள் வளவுக்குள் குண்டு விழுந்தது. நானும் அக்காவும் அம்மாவும் பங்கருக்குள் இருந்தோம். அண்ணா வெளியே நின்றார். அண்ணா ஏன் வெளியே நின்றார் என்று இருபத்தெட்டு வருடமாக எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. பெடியன், விடுப்புப் பார்க்க நின்றிருப்பான் என்றுதான் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

"நான்தான் கத்தினனான்," என்றார் அம்மா. "பொம்மர் சுத்துது, வெள்ளை உடுப்புத் தெரியும், கொடியில கிடக்கிற யூனிபோமை இழுத்துக்கொண்டு ஓடியா எண்டு. அவன் பங்கர் வாசலுக்கு வந்திட்டவன். நான் கத்தினதாலதான் திரும்பிப் போனவன்."

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். விமானச் சத்தம் கேட்டால் வெள்ளைத் துணியை எடுத்துவிட வேண்டும், மேலிருந்து பார்ப்பவனுக்கு அடையாளமாகிவிடும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொள்வார்கள். பதுங்குகுழி வாசலில் நின்று அப்படிக் கத்திய தாய்மார் எத்தனை பேர் இதை வாசிக்கிறீர்களோ தெரியாது.

என் தொழிலில் முதலில் கற்றுத் தருவது, ஒருவர் இப்படியொன்றைச் சொல்லும்போது அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாதே, அவரைச் சொல்லி முடிக்க விடு என்பதுதான். எத்தனையோ புதிய உத்தியோகத்தர்களுக்கு நானே அதைப் படிப்பித்திருக்கிறேன். ஆனால் அன்று என் வாயிலிருந்து வந்த முதற் சொல், "அது உங்கட பிழை இல்லையம்மா" என்பதுதான். உடனே அம்மா எழும்பி, தேத்தண்ணி போடக் குசினிக்குப் போய்விட்டார். கதை அத்தோடு நின்றது. என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

பையன்தான் விடவில்லை. தேத்தண்ணியோடு அம்மா திரும்பி வந்தபோது, அழுத கண்ணோடேயே, கணக்குச் சொல்லுவதுபோலச் சொன்னான். புக்காராவின் ஆகக்கூடிய வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர். மெதுவாக வந்தாலும் ஒரு விநாடிக்கு நூறு மீற்றர்வரை கடந்துவிடும். வீட்டுக் கூரை தெரியும், றோட்டு தெரியும், பனை தெரியும். "சேட் தெரியுமோ எண்டு எனக்குச் சரியாச் சொல்லத் தெரியாது அம்மம்மா. ஆனா கூரை கட்டாயம் தெரியும்."

அம்மா அவனிடம் திருப்பிக் கேட்டார். எந்த உயரத்தில் வரும்? பதியும்போது எந்தப் பக்கம் பார்ப்பான்? தென்னை மறைக்காதா? அவன் தெரிந்ததைச் சொன்னான், தெரியாததைத் தெரியாது என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மாலைவரை அவர்கள் இருவரும் அந்த ஒரு சாண் விமானத்தைக் கையில் பிடித்து, முற்றத்துக்கு மேலால் கொண்டுவந்து, கிணற்றடிப் பக்கம் திருப்பி, கொடி நின்ற இடம், பங்கர் நின்ற இடம் எல்லாம் பார்த்தார்கள். பங்கர் மூடிய இடத்தில் இப்போது எலுமிச்சை நிற்கிறது. அந்த இடத்தில் அம்மா, அண்ணாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். என் மருமகன் தன் மாமாவின் பெயரை அம்மம்மாவின் வாயால் கேட்டது அதுதான் முதல் தரம்.

கடைசி நாள் பூச்சுப் பூசிக் காயவைத்துவிட்டுக் காற்றாடிகள் இரண்டையும் எடுத்தான். அவை கடைசியாகத்தான் பூட்டுவது. "அதைப் பூட்டாதை அப்பு," என்றார் அம்மா. ஏன் என்று அவன் கேட்கவில்லை. விமானம் இப்போது எங்கள் கண்ணாடி அலுமாரியில், பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. காற்றாடிகள் அம்மாவின் ஊசி நூல் வைக்கும் பிஸ்கற் ரின்னுக்குள் இருக்கின்றன.

போன கிழமை நான் ஒரு வெள்ளைச் சட்டையைத் தோய்த்து, முற்றத்துக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். வேண்டுமென்றுதான் போட்டேன். பின்னேரம் வந்து பார்த்தபோது அது விறாந்தைக் கயிற்றில் தொங்கியது. காய்ந்த பிறகு எடுத்தாரா, காயமுதல் எடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.