காஞ்சிக்கு ஓர் இரவு

நீண்ட வார விடுமுறை நெருங்கினால் தமிழ்நாட்டுக் கைபேசிகளில் பயணத் திட்டங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். அவற்றில் காஞ்சிபுரத்துக்குக் கிடைப்பது அரை நாள். விடியற்காலையில் புறப்பாடு, நடை சாத்துவதற்குள் மூன்று கோயில், பிறகு பட்டுக்கடை, ஓட்டல் சாப்பாடு, பொழுது சாய்வதற்குள் வீடு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வரும் வெளிநாட்டு விருந்தினருக்குப் போடும் திட்டத்தில் பெரும்பாலும் அந்த அரை நாளும் மிஞ்சுவதில்லை. அவர்களை மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். காஞ்சியில் சேலை வாங்க ஒரு மணி நேரம் நிறுத்துகிறோம். "அங்க என்ன இருக்கு, கோயில்தானே" என்று நம்மவர்களே சொல்வது, தென்கொரியாவின் உல்சானில் வாழும் எனக்குப் பொறுக்கவில்லை. ஓர் இரவு தங்காமல் போடும் எந்தத் திட்டத்திலும் காஞ்சி கண்ணில் படாது என்பது என் கட்சி. தங்குகிறவருக்கு அந்த இரவை உருப்படியாக அமைத்துக் கொடுக்காத குறை நம்முடையது.

உல்சானிலிருந்து இதைச் சொல்லக் காரணம் உண்டு. 1968 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகும் ஊர் இது. இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், 935 வரை சில்லா அரசின் தலைநகராக விளங்கிய கியோங்ஜு இருக்கிறது. அதே நிறுவனம் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய அதே தூரத்தில் பல்லவர் தலைநகர் இருக்கிறது. இரண்டும் ஒரே காலத்தில் செழித்த ஊர்கள். பல்லவ மன்னன் ராஜசிம்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எழுப்பினான். 751இல் கியோங்ஜுவில் புல்குக்சா கோயிலின் வேலை தொடங்கியது. இன்னொரு தொடர்பும் உண்டு. கொரியாவின் சொன் பௌத்தம் தன் முதல் ஆசானாகப் போற்றும் போதிதர்மரை இங்கே தால்மா என்பார்கள். உருண்டைக் கண்ணும் அடர்ந்த தாடியுமாக அவர் படம் வீடுகளிலும் கடைகளிலும் தொங்கும். அவர் காஞ்சியிலிருந்து போன பல்லவ இளவரசர் என்ற கதை, 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்தபின் நம்மூரில் எல்லாருக்கும் தெரியும். பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைத் தென்னிந்திய அரசனின் மகன் என்கிறது, இன்னொன்று பாரசீகர் என்கிறது. காஞ்சி என்பது மரபுச் செய்திதான். மரபுச் செய்தி என்றே சொல்லலாமே. பிறந்ததிலிருந்து தால்மாவின் முகத்தைப் பார்த்து வளர்ந்த ஒரு கொரியப் பொறியாளர், அவர் ஊர் என்று சொல்லப்படும் இடத்துக்கு ஒரு மணி நேரத் தொலைவில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு, பட்டுக்கடைப் பையோடு மட்டும் நாடு திரும்புவது நம் விருந்தோம்பலுக்கு அழகில்லை.

கியோங்ஜுவிடம் நான் மெச்சுவது, வருகிறவரின் நேரத்துக்கு அது தரும் மரியாதையை. சில்லா அரசர்களின் புதைமேடுகள் நகரின் நடுவிலேயே புல் போர்த்திய குன்றுகளாக நிற்கின்றன. 1973இல் அகழ்ந்த ஒரு மேட்டுக்குள் நடந்துபோய்ப் பார்க்கலாம். அங்கிருந்து 7ஆம் நூற்றாண்டு வானாய்வுக் கோபுரமான சொம்சொங்தேக்கும், அரண்மனைக் குளமான வோல்ஜிக்கும் நடையிலேயே போய்விடலாம். வாடகைச் சைக்கிளும் கிடைக்கும். குளக்கரை இரவு 10 மணி வரை திறந்திருக்கும். மண்டபங்கள் விளக்கொளியோடு தண்ணீரில் தெரிவதைக் காணவே இருட்டியபின் கூட்டம் கூடுகிறது. ஊர் ஆறு மணிக்கு அடங்கிவிடாததால் வந்தவர் அறை எடுக்கிறார். அறை எடுத்துவிட்டால் இரவுச் சாப்பாடு, மறுநாள் புல்குக்சா, அருங்காட்சியகத்தில் 771ஆம் ஆண்டு வார்த்த வெண்கல மணி எல்லாம் தானாகவே திட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. 2025 ஏபெக் மாநாட்டுக்குக் கொரியா இந்தச் சின்ன ஊரைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வியப்பே இல்லை.

ஆனால் எஞ்சியிருப்பதை வைத்து ஒப்பிட்டால் காஞ்சியின் பக்கம் கனம் அதிகம். இதை ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை. கியோங்ஜுவின் ஹ்வாங்யோங்சாவில் ஒன்பது நிலை மரக்கோபுரம் இருந்தது; 1238இல் மங்கோலியர் எரித்தார்கள், இன்று அடிக்கற்கள் கிடக்கும் வெட்டவெளி. புல்குக்சா 1593இல் ஜப்பானியப் படையெடுப்பில் எரிந்தது. இப்போது காணும் மரக்கட்டுமானம் பிற்காலத்தது, 1969-73 சீரமைப்பில் மீண்டெழுந்த பகுதிகளும் அதில் சேர்த்தி. கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மன் கட்டிய மணற்கல்லே நிற்கிறது. சுற்றுமதிலை ஒட்டிய 58 சிறு சன்னதிகளில் சிலவற்றில் பழைய ஓவியங்களின் துணுக்குகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் இந்தக் கோயிலின் செல்வத்தை எடுக்காமல் திருப்பிக் கொடுத்ததைக் கன்னடத்தில் ஒரு தூணில் பொறித்து வைத்திருக்கிறான். அவன் அரசி லோகமாதேவி அந்த வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் எடுப்பித்த விருபாக்ஷர் கோயில் இதன் சாயலில் எழுந்தது. பட்டடக்கல் 1987இல் உலக மரபுச் சின்னமாகிவிட்டது. அதற்கு வழிகாட்டிய காஞ்சிக் கோயில் அந்தப் பட்டியலில் இல்லை.

அரை நாள்காரர்கள் தவறவிடுவதில் பெரியது வைகுண்டப் பெருமாள் கோயில். கருவறையைச் சுற்றிய திருச்சுற்றில் சிங்கத் தூண்களுக்குப் பின்னால், சுவர் நெடுக இரண்டு வரிசையாகப் பல்லவர் வரலாறு சிற்பமாக ஓடுகிறது. வாரிசில்லாத காஞ்சிக்கு அரசன் தேடிப் போகிறார்கள். இரணியவர்மன் தன் நான்கு பிள்ளைகளையும் கேட்கிறான். மூத்த மூவர் மறுக்க, பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி பல்லவமல்லன் "நான் போகிறேன்" என்று எழுகிறான். மலையும் ஆறும் காடும் கடந்து வரும் பையனை ஊர்ப் பெரியவர்கள் எதிர்கொண்டு அழைக்கிறார்கள். சில பலகைகளின் கீழே என்ன நடக்கிறது என்ற குறிப்பே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பையன்தான் இரண்டாம் நந்திவர்மன். இந்தக் கோயிலைக் கட்டியவனும் அவனே. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாக நகர்ந்தால்தான் கதை விளங்கும். பன்னிரண்டு மணிக்கு நடை சாத்துவார்களே என்று வாசலில் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது அது நடக்காது.

நடை சாத்துவதுதான் எல்லாரும் சொல்லும் தடை. நண்பகலில் சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும்; அதுவரை வெயிலில் என்ன செய்வது, அதனால் அரை நாள் போதும் என்கிறார்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. பூஜை நேரம் கோயிலின் உரிமை, அதை மாற்றக் கேட்பது முறையில்லை. ஆனால் நான்கு மணி நேரம் சாத்தும் ஊருக்கு இரண்டு காலையும் ஒரு மாலையும் ஒதுக்குவதுதானே கணக்கு? நடுப்பகலுக்குப் பிள்ளையார்பாளையத்துத் தறிகள் இருக்கின்றன. ஒரு நிற உடலும் இன்னொரு நிறக் கரையும் கோர்வையில் பிணைய, மூன்று நாடாக்கள் எப்படி ஓடுகின்றன, ஓரத்தில் உட்கார்ந்த துணையாள் ஏன் வேண்டியிருக்கிறது என்று பார்த்தபின் சேலையின் விலை தானே புரியும். நெசவாளர் வீட்டு வாசலில் திடீரென்று போய் நிற்பதும் சரியில்லைதான். கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக, அவர்களுக்கு உரிய கட்டணத்தோடு ஏற்பாடு செய்ய வேண்டும். அண்ணா பிறந்த ஊரும் இதுதான். அவர் நினைவு இல்லத்துக்குத் தமிழ்க் குடும்பங்கள் ஒரு மணி நேரமாவது ஒதுக்கலாம்.

எனக்குத் தீராத மனக்குறை சாப்பாட்டில்தான். கியோங்ஜுவுக்குப் போய் ஹ்வாங்நாம் ரொட்டி வாங்காமல் திரும்பும் கொரியர் அபூர்வம். சிவப்புப் பயற்றுப் பூரணத்தை மெல்லிய மாவில் பொதிந்து, மேலே பூ முத்திரை குத்திச் சுட்ட உள்ளங்கை அளவுப் பண்டம். 1939இல் ஒரு கடையில் தொடங்கியது. நூறு வருஷம்கூட ஆகாத பண்டத்தை ஒரு பழைய தலைநகரின் அடையாளமாக நிறுத்தியிருக்கிறார்கள். காஞ்சியிடம் இருப்பது குடலை இட்லி. பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த நீண்ட மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் அவிப்பார்கள். வெந்து இறக்கினால் கைநீளத்துக்கு ஒரே கட்டியாக வரும். அதை வில்லை வில்லையாக அறுப்பார்கள். இலையின் மணம் மாவுக்குள் ஏறி, சுக்கின் காரம் தொண்டையில் நின்று, தொட்டுக்கொள்ள எதையும் கேட்காது. வரதராஜப் பெருமாளுக்கு நிவேதனமாகும் பண்டம் இது. ஊரைத் தாண்டினால் ஓட்டல்களில் இதன் பெயரில் வருவது சாதாரண இட்லி மாவில் கடுகும் முந்திரியும் தாளித்துப் போட்டு டம்ளரில் அவித்தது. அதைத் தின்றுவிட்டு, "இதுதானா காஞ்சிபுரம் இட்லி" என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியவருக்குப் பால்கோவா எங்கே என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த நிலை காஞ்சி பஸ் நிலையத்தில் வர வேண்டும். குடலையோடு நிறுத்தி, இலையோடு அறுத்து, எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கும் என்று பலகையில் எழுதி வைக்கும் கடைகள் நாலு இருந்தால், அந்த நேரத்தைச் சுற்றியே பயணத்தைத் திட்டமிடலாம். பிரசாதத்தை வியாபாரம் ஆக்கலாமா என்று பக்தர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெருமாளுக்கு ஆவது மடைப்பள்ளியிலேயே, அதன் ஆசாரத்தோடு நடக்கட்டும். பிரசாதம் என்ற பெயரை வெளியே யாரும் எடுக்க வேண்டாம். மூங்கிலும் மந்தாரை இலையும் சுக்கும் ஊருக்குப் பொது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதன் புனிதம் குறைந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. டம்ளர் இட்லி ஒரிஜினலின் இடத்தைப் பிடித்திருப்பதுதான் அவமரியாதை.

கொரியா பணக்கார நாடு, அங்கே செய்ததை இங்கே எதிர்பார்க்கலாமா என்பார்கள் சிலர். கியோங்ஜுவில் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நானும் சொல்லவில்லை. புதைமேடுகளை ஒட்டிய பழைய தெருவில் இன்று காபிக் கடைகளும் படம் எடுத்துக்கொள்ளும் கடைகளுமாக நெரிகின்றன. அந்தக் கோலம் காஞ்சி ராஜ வீதிகளுக்கு வர வேண்டாம். காஞ்சியில் சன்னதித் தெரு இன்னும் சன்னதித் தெருவாகவே இருக்கிறது. சில்லாவின் தலைநகரில் அந்த உயிர் இல்லை. ஆனால் நான் கேட்கும் காரியங்களுக்குப் பெரும்பணம் வேண்டாம். கைலாசநாதர் கோயிலின் புல்வெளியை ஒன்பது மணி வரை மங்கிய விளக்கோடு திறந்து வைப்பதும், கோயில்களுக்கிடையே ஒரு மினி பஸ் விடுவதும், சுத்தமான கழிப்பறைகளும், வைகுண்டப் பெருமாள் சிற்பக் கதையைத் தமிழிலும் இந்தியிலும் கொரிய மொழியிலும் அச்சிட்ட ஒரு மடிப்புத் தாளும் அரசின் சக்திக்கு மீறியவை அல்ல. இரவில் விழித்திருக்க அந்த ஊருக்குத் தெரியும். வைகாசி கருட சேவைக்கு விடியும் முன்பே வீதி நிறைகிறது. 2019இல் அத்திவரதர் 48 நாள் தரிசனம் தந்தபோது லட்சக்கணக்கானோரை அது தாங்கியது. நெரிசலில் உயிர்களும் போயின. ஒரேயடியாக வந்து குவியும் கூட்டத்தைவிட, ஆண்டு முழுக்கப் பரவி வந்து தங்குகிறவர்கள் ஊருக்கு நல்லது என்பதற்கு அதுவே சாட்சி.

கடைசியாக ஒரு கேள்வி: யாருக்காக இதெல்லாம்? வெளிநாட்டு விருந்தினரை நான் சொன்னது உதாரணத்துக்கு. என் மனதில் இருப்பவர்கள் வேறு. சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் ஹாஸ்டல் அறைகளில் தங்கி, வாரத்தில் ஒரு நாள் லீவில் துணி துவைத்துத் தூங்கியே பொழுதைக் கழிக்கும் இளம் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தென்மாவட்டத்துப் பெண்கள், ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்த பையன்கள். லீவு கிடைத்தால் சொந்த ஊருக்குத்தான் போவார்கள் என்பது ஓரளவு உண்மை. ஒரு நாள் லீவில் ஒடிசாவுக்குப் போக முடியாது என்பதும் உண்மை. ஷிப்டுக்கு ஷிப்ட் இந்தச் சாலைகளில் ஓடும் கம்பெனி பஸ்களில் ஒன்றிரண்டை லீவுக்கு முந்தைய நாள் மதியம் காஞ்சிக்குத் திருப்பினால் போதும். நான்கு மணிக்குக் கைலாசநாதர், இருட்டும்போது 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் ராஜகோபுரம், இரவு அவர்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் ஒரு தங்குமிடம், காலையில் வரதராஜரும் குடலை இட்லியும், அடுத்து நடை சாத்தும்வரை வைகுண்டப் பெருமாள், வெயில் நேரத்தில் பிள்ளையார்பாளையம். சாயந்தரம் ஆறு மணிக்குள் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிடலாம், மறுநாள் முதல் ஷிப்டுக்குத் தூக்கம் கெடாது. இதில் இன்றைக்கு இல்லாதது அந்தத் தங்குமிடம்தான். சிப்காட் இத்தனை ஏக்கரைத் தொழிற்சாலைகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. காஞ்சியில் தொழிலாளர்களுக்கென்று நூறு கட்டிலோடு ஒரு விடுதி கட்ட ஓர் ஏக்கர் போதும்.