பிடி நழுவாமல்

தமிழில் ‘பிடி’ என்பது சிறிய சொல். ஆயினும் அதற்குப் பொருள்கள் பல. கை கொள்ளும் அளவு சோறும் பிடி. கருவியின் காம்பும் பிடி. இறுகப் பற்றுவதும் பிடி. வாழ்க்கையில் ஒரு பிடிப்பு வேண்டும் என்று மறையுரைகளில் அடிக்கடி பேசுகிறோம். மறையுரைக்குள் வராத ஒரு பிடியைப் பற்றி இங்கே சிந்திக்க விழைகிறேன். மண்வெட்டிக் காம்பில் சுற்றப்படும் பழைய சைக்கிள் டியூப்தான் அது.

வைகைப் பாசனத்தை நம்பி வாழும் சிற்றூர் ஒன்றில் பங்குப்பணி ஆற்றிய நாள்களில், அறுபதைக் கடந்த கைம்பெண் ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். “சாமி, ஒங்க சைக்கிள்ல கழட்டுன பழைய டியூப்பு கெடந்தா குடுங்க. மம்பட்டி கையில நிக்க மாட்டேங்குது” என்றார். பல ஆண்டுகள் கைபட்டு அவரது காம்பு வழவழத்துப் போயிருந்தது. வியர்வை ஊறியதும் அது கைக்குள் சுழலும்; சுழலாதிருக்க அவர் இறுக்கிப் பிடிப்பார்; இறுக்கிப் பிடித்தே நண்பகலுக்குள் விரல்கள் மரத்துவிடும். “கெழவிக்குக் கைப்பலம் போச்சு” என்று சொல்லி, வேலைக்கு ஆள் சேர்ப்பவர் அவரை அழைப்பதை நிறுத்தியிருந்தார். அந்தக் கூலியை விட்டால் அவருக்கு வேறு வரவில்லை.

பலம் குறைந்தது உண்மையே. ஆனால் குற்றத்தில் பாதி காம்பினுடையது. 10 கிலோ எடையுள்ள தண்டு ஒன்றை நிமிர்த்தி, உள்ளங்கை ஒரு பக்கமும் விரல்கள் மறுபக்கமுமாக அழுத்திப் பிடிப்பதாகக் கொள்வோம். உராய்வு எண் 0.5 ஆனால், நழுவாதிருக்க ஒவ்வொரு பக்கமும் 10 கிலோ விசை தேவை. அதே எண் 1 ஆனால் 5 கிலோ போதும். தசை தன் முழு வலிமையில் பாதியை இடைவிடாது செலவிட்டால் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தளர்ந்துவிடுகிறது. இறுகிய தசை தனக்குள் ஓடும் குருதியைத் தானே தடுக்கிறது. ஆகவே, நழுவாத பரப்பு கைக்குப் புதுப் பலம் எதையும் தருவதில்லை. இருக்கும் பலம் வீணாகாமல் காக்கிறது.

சுவீடன் நாட்டின் உமேயோ நகரில் யொகான்சன், வெஸ்ட்லிங் என்னும் இரு ஆய்வாளர்கள் இதை நுட்பமாக அளந்து 1984இல் வெளியிட்டனர். ஒரே எடையுள்ள பொருளின் மேற்பரப்பைப் பட்டு, மென்தோல், உப்புத்தாள் என மாற்றித் தூக்கச் செய்தார்கள். பட்டை விரல்கள் இறுகப் பிடித்தன. உப்புத்தாளை மெல்லப் பிடித்தன. தூக்கியவர் எண்ணிப் பார்க்குமுன்னரே விரல்கள் தம் விசையைத் திருத்திக்கொண்டன. விரல்களை மரத்துப்போகச் செய்தபோதோ அந்தத் திருத்தம் குலைந்துவிட்டது.

இந்தக் கடைசிச் செய்தி நம் தமிழகத்துக்குப் புதிதன்று. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் கைகளில் இதைக் கண்டார். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தம்மால் திறக்க இயலாதபோது, ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தால், சதை கிழிந்து எலும்பு தெரிந்தது! சிறுவனுக்கு வலிக்கவில்லை. உணர்வற்ற கை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அறியாது. அதனால்தான் தொழுநோய் மருத்துவமனைகளில், கருவிக் காம்புகளுக்கும் பாத்திரப் பிடிகளுக்கும் துணியோ ரப்பரோ சுற்றிக்கொள்ளக் கற்பிக்கிறார்கள். அங்கே சுற்று மட்டும் போதாது. நாள்தோறும் கைகளைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கவும் வேண்டும்.

பிடியைப் பற்றிய அக்கறை திருப்பீடத்திலும் உண்டு. பழைய இரசக்கிண்ணங்களின் தண்டில் ஒரு குமிழ் இருப்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். சங்கத்துக்கு முந்திய வழிபாட்டு முறையில், எழுந்தேற்றத்துக்குப் பின் குரு தம் பெருவிரலையும் சுட்டுவிரலையும் பிரிக்கலாகாது. எஞ்சிய விரல்களால் கிண்ணம் நழுவாமல் பற்ற அந்தக் குமிழே துணை. அழகுக்கென்று நாம் நினைப்பவற்றில் சில கையின் தேவையிலிருந்து பிறந்தவை.

ரப்பருக்கு மதுரையில் பஞ்சமில்லை. மேலூர்ச் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டயர் ஆலை இருக்கிறது. கோச்சடையில் பெல்ட் ஆலை. கப்பியை விட்டுப் பெல்ட் நழுவாதிருக்கவும், சாலையை டயர் பற்றவும், உள்ளங்கையைக் காம்பு பற்றவும் காரணம் ஒன்றே: ரப்பர் மற்றப் பரப்பின் மேடுபள்ளங்களுக்குள் நெளிந்து பதிகிறது. காய்ந்த ரப்பரின் உராய்வு எண் ஒன்றைத் தாண்டுவதும் உண்டு. நீர்ப்படலம் இடையில் புகுந்தால் அந்த எண் சரிகிறது. ஆனால் சிறிது ஈரம் தோலை மென்மையாக்கிப் பிடிப்பைக் கூட்டும். உழைப்பாளர் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்ப்பதை அநாகரிகம் என்று முகம் சுளிக்கிறோமே, அதிலும் அறிவு இருக்கிறது.

சொரசொரப்பு மிகுந்தாலும் நல்லதன்று. தோல் உரிந்து கொப்புளிக்கும். விரலுக்கு விரல் பள்ளம் வெட்டிய பிளாஸ்டிக் பிடிகள் கடைகளில் தொங்குகின்றன. அந்தப் பள்ளங்கள் யாருடைய விரலை அளந்து வெட்டப்பட்டனவோ! என் மதிப்பில் சைக்கிள் டியூப்பே மேல். டியூப்பை நீளவாக்கில் நாடாவாகக் கிழித்து, நன்கு இழுத்து, விளிம்பின்மேல் விளிம்பு சற்றே ஏறுமாறு ஒரு சுற்றாகச் சுற்ற வேண்டும். இரண்டாம் சுற்று வேண்டா. காம்பு பருத்தால் சிறிய கைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, விரல் மடங்காது. அந்த அம்மாவுக்கும் ஒரே சுற்றுத்தான் சுற்றினோம். மறுவாரம் வரப்பு வெட்டப் போனவர், நண்பகலில் முடித்துவிடாமல் மாலைவரை நின்றாராம். வெயிலில் கிடந்தால் ரப்பர் இறுகி வெடிக்கும். சித்திரைக்கு முன் ஒருமுறை அவிழ்த்துப் புதிதாகச் சுற்றிவிடுவது நல்லது.