ஆர்வமில்லை: குறியீடு 4

முதுகலை ஆய்வேட்டுக்காக ஒரு காலனியில் வீடு வீடாகப் போனேன். 'பள்ளியிலிருந்து நின்றதற்குக் காரணம்?' என்ற கேள்விக்கு வினாப்பட்டியலில் ஆறு பதில்கள் போட்டிருந்தேன். நான்காவது, 'படிப்பில் ஆர்வமில்லை'. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பெண், அம்மாவைப் பார்த்துக்கொண்டே, "படிப்புல இஷ்டமில்லக்கா" என்றாள். 4 என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்தப் பதில் நான் கண்டுபிடித்ததல்ல. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் கல்விச் சுற்றுகளிலும் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் போட்டேன். ஆனால் என் பட்டியலில் இருந்த ஆறுமே பிள்ளையைப் பற்றியும் வீட்டைப் பற்றியும்தான். வகுப்பறையைப் பற்றி ஒன்றுகூட இல்லை. சேரியில் பிறந்த நானே அப்படித்தான் கேள்வி எழுதினேன்.

வேலைக்கு வந்தபின் அதே காலனியில் மாலை வகுப்பு நடத்தினேன். தம்பியைக் கூட்டிப்போக வருவாள் அந்தப் பெண். மூன்றாவது மாதம் ஒருநாள் தானாகவே சொன்னாள்: "எங்க தெருப் புள்ளைங்களத்தான்க்கா கக்கூஸ் கழுவச் சொல்லுவாங்க. ஒருநாள் மாட்டேன்னுட்டேன். அப்புறம் போகல." பத்து நிமிட நேர்காணலில், அம்மா பக்கத்தில் நிற்க, முன்பின் தெரியாத என்னிடம் இதை எப்படிச் சொல்வாள்?

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் நடத்தி, 2004-இல் வெளியிட்ட சோதனையைப் பிறகுதான் படித்தேன். ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களிடம் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது உயர்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளும் தலித் பிள்ளைகளும் ஏறக்குறைய சமமாகவே தீர்த்தார்கள். எல்லார் முன்னாலும் சாதியை வாசித்துவிட்டுக் கொடுத்த குழுக்களிலோ, தலித் பிள்ளைகள் தீர்த்த புதிர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. அவர்கள் பிள்ளையிடம் காரணம் கேட்கவில்லை. சூழ்நிலையை மாற்றிப் பார்த்தார்கள். (சாதியை உரக்கக் கேட்ட அந்தப் பையன்கள் அன்று வீட்டுக்கு எப்படிப் போனார்கள் என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.)

எங்கள் வகுப்பில் இதற்கு ஆய்வாளர் தேவைப்படவில்லை. உதவித்தொகைப் படிவம் வந்தால் போதும், "எஸ்.சி. புள்ளைங்கல்லாம் எந்திரிங்க" என்பார் ஆசிரியர்.

போன மாதம் ஒரு கணக்கெடுப்புப் படிவம் வந்தது. அதிலும் 'ஆர்வமில்லை' இருந்தது. எந்த வகுப்பில் ஆர்வம் போனது, அப்போது பள்ளியில் என்ன நடந்தது என்று எழுத மூன்று வரி இடம் கேட்டேன். "கம்ப்யூட்டர்ல ஏத்த முடியாதுங்க" என்றார்கள். ஓரத்தில் கையால் எழுதித்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.