காதுக்கு முன்னால் ஒரு டக்

காது வலி என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம், தாடை மூட்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. அம்மா நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி இளஞ்சூடாக விட்டாள். காது டாக்டர் எட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். தாடை மூட்டுத் தொல்லையைக் காதுக் கோளாறோடு முடிச்சுப் போட்டு 1934-ல் அமெரிக்காவில் கட்டுரை எழுதிய காஸ்டனும் காது மூக்கு தொண்டை மருத்துவர்தானாம். அம்மாவை மட்டும் குறை சொல்லி என்ன?

அப்புறம் ஒருவர் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார். பல் போனது, வலி போகவில்லை.

பாண்டிச்சேரி கோரிமேட்டுப் பல் மருத்துவக் கல்லூரியில்தான் ஒரு சின்ன வயது டாக்டர் காதுக்கு முன்னால் விரலை வைத்து, "வாயைத் திறங்கம்மா... மூடுங்க" என்றார். டக். மூட்டுக்குள் இருக்கும் குருத்துத் தட்டு முன்பக்கம் நழுவியிருக்கிறது, வாயைத் திறக்கையில் எலும்பு அதன்மேல் ஏறுகிற சத்தம் அது என்றார். "ராத்திரியில பல்லைக் கடிப்பீங்களா?"

அப்பா கடிப்பார். அல்ஜீரியாவுக்குப் போய்வந்த சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளக்காரர். நடுச்சாமத்தில் ஆட்டுக்கல் சுற்றுகிற மாதிரி நறநறவென்று கேட்கும். நாங்கள் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று வேப்பங்கொழுந்து கொடுக்கிற அம்மா, அவருக்கு மட்டும் "அங்க என்னத்தைப் பார்த்தாரோ" என்பாள். காலையில் அதே பல்லால் நீள ரொட்டியின் மொறுமொறு முனையைக் காப்பியில் நனைக்காமலே தின்பார். ஒரு முனை அவருக்கு, ஒரு முனை எனக்கு. இப்போது நடுவில் இருக்கும் பஞ்சை மட்டும் பிய்த்துப் பாலில் ஊறவைக்கிறேன். பாண்டிச்சேரியில் பிறந்தவளுக்கு இது சின்ன இழப்பில்லை.

"ஆப்பரேஷன் பண்ணி ஒரேயடியா முடிச்சிடு" என்கிறார் பாரிசிலிருந்து அண்ணன். எனக்கும் அந்த ஆசை இருந்தது. டாக்டரிடம் கேட்டபோது, 1983-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டெஃப்லான் தட்டுகளைப் பற்றிச் சொன்னார். நழுவிய தட்டை எடுத்துவிட்டு அவற்றை வைத்தார்கள். மெல்லும் அழுத்தத்தில் அவை துகள் துகளாக உதிர்ந்தன. உடம்பு அந்தத் துகள்களோடு மல்லுக்கட்டியதில் சுற்றியிருந்த எலும்பே அரித்துப்போனது. 1990, 91-ல் எச்சரிக்கை விட்டுத் திரும்பப் பெற்றார்கள். இன்றைய டைட்டானிய மூட்டு வேறு ரகம்தான். ஆனாலும் காதோரம் கீறும்போது முகநரம்பின் கிளை அடிபட்டால் புருவம் தூக்காது. டக் சத்தத்துக்காக மட்டும் யாரும் கத்தி எடுப்பதில்லையாம், வலிதான் கணக்கு.

வெளியே பெஞ்சில் எட்டு வயதுப் பையன் ஒருவன். சின்னதில் மோவாய் அடிபட விழுந்தவன், மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிவிட்டது. அவன் அம்மா பிஸ்கட்டைத் தண்ணீரில் குழைத்து, பல்வரிசைக்கும் கன்னத்துக்கும் நடுவே விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். அவனுக்கு யோசிக்க ஒன்றுமில்லை, அறுத்துப் பிரித்தே ஆகவேண்டும். எனக்கு யோசிக்க இடமிருக்கிறது என்பதே அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

வலி மாத்திரையை நாள்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கேள்வி கேட்கும். எனக்கு பிரஷர் வேறு. அதனால் ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம். நேரு வீதி மருந்துக்கடைத் தம்பி சீட்டைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "இது மனசுக்குக் குடுக்கறதாச்சேம்மா" என்றார். குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் கொடுப்பார்கள் என்று நானே அவருக்குச் சொல்லவேண்டியதாயிற்று. காலையில் நாக்கு வறண்டு ஒட்டுகிறது, பத்து மணி வரை மந்தம். பல்லுக்கு மாட்ட பிளேட் ஒன்று. முதல் வாரம் எச்சில் ஒழுகித் தலையணை நனைந்தது, இப்போது பழகிவிட்டது. வலி பாதியாகியிருக்கிறது. டக் அப்படியே இருக்கிறது.

இதற்கும் கேட்காவிட்டால், மூட்டுக்குள் இரண்டு ஊசி செருகி உப்புநீர் விட்டுக் கழுவுவார்கள். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாமாம். அதற்கு முன்னால் எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும். பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். அண்ணனிடம் சொன்னேன். "கழுவுறதுக்கா இவ்வளவு யோசனை?" என்று கேட்டுவிட்டு, அங்கே குளிர் எப்படி என்று ஆரம்பித்துவிட்டார்.